கடிகாரத்தைத் திருப்பி வைக்காதீர்கள்: குழந்தைகளோடு புத்தாண்டும் குளிர்காலமும்

போன டிசம்பர் 31 அன்று சாயங்காலம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது, நாற்காலி மேல் ஏறி நின்ற அந்த வீட்டு இளம் அப்பா. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கத் திருகை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண் சிமிட்டினார். "எட்டரைக்கே பன்னிரண்டு அடிச்சிரும் அக்கா. பசங்க ஒன்பதுக்குத் தூங்கிரும், அப்புறம் நமக்கு நிம்மதி."

நானும் சிரித்து வைத்தேன். மனசுக்குள் மட்டும் பத்து வருடத்துக்கு முந்தைய என் வீட்டுக் கூடம் வந்து நின்றது. அதே நாற்காலி, அதே திருகு, அதே கண் சிமிட்டல்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு புத்தாண்டு இரவையும் அதை ஒட்டிய குளிர் நாட்களையும் ஒரு டஜன் தடவை கடந்தாகிவிட்டது. என் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டுமில்லை, நாலைந்து குடும்பங்கள் சேர்வது வழக்கம், ஏற்பாடு எப்படியோ என் தலையில் வந்து விழும். அதனால் சொதப்புவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. குல்லா போடுங்கள், நெருப்புக்குப் பக்கத்தில் குழந்தையைத் தனியாக விடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. விவரம் தெரிந்தவர்களே, நல்ல எண்ணத்தோடு, வருடா வருடம் செய்கிற தவறுகள்தான் இங்கே.

## கடிகாரத்தை முன்னால் திருப்பி வைப்பது

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. பன்னிரண்டு மணி வரைக்கும் முழித்திருப்பேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு மத்தியானம் யாரும் சொல்லாமல் அவளாகவே போய்ப் படுத்து ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தாள், ராத்திரித் தூக்கத்தை இப்போதே கொஞ்சம் முடித்துவிடலாம் என்று அவள் கணக்கு. எங்கள் கணக்கு வேறு. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், நள்ளிரவு வரை விழித்தால் ஜனவரி 1 முழுக்க வீடே அழும். ஆகவே கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினேன். கடிகாரத்தோடு முடிந்ததா? போன்களை ஒளித்து வைத்தேன், மைக்ரோவேவில் ஒளிரும் எண்கள் மேல் துணியைப் போட்டேன், டிவியில் யாராவது நேரத்தைச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று அதையும் அணைத்தேன். ஒரு பொய்க்கு எத்தனை வேலை பாருங்கள்.

எட்டரைக்குப் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணினோம். குதித்தாள், எல்லோரையும் கட்டிப்பிடித்தாள், ஒன்பது மணிக்குள் தூங்கியும் போனாள். நானும் கணவரும் எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டோம்.

நிஜப் பன்னிரண்டுக்கு வெளியே வானம் வெடித்தது. நாங்கள் எல்லோரும் கூடத்தில், கையில் கோப்பையோடு, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறோம். திரும்பிப் பார்த்தால் அறை வாசலில் போர்வையைத் தரையில் இழுத்தபடி நிற்கிறாள். அழவில்லை. முதலில் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். அதைத் திருப்பிச் சரி செய்ய மறந்திருந்தோம், அது மூன்றரை காட்டிக்கொண்டிருந்தது. "அப்போ இதுதான் நிஜமா?" என்று மட்டும் கேட்டாள்.

அது அவள் முள்ளைப் பார்த்து மணி சொல்லக் கற்றுக்கொண்டிருந்த சமயம். அடுத்த ஒரு வருடத்துக்கு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னாலும் சரி, படுக்கப் போ என்று சொன்னாலும் சரி, ஒரே கேள்விதான்: "இது நிஜ மணியா, திருப்பின மணியா?" இன்னொன்று மாதக்கணக்கு கழித்துத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. விடுமுறை முடிந்து போன முதல் நாளே வகுப்பில் எழுந்து நின்று, நான் பன்னிரண்டு வரைக்கும் முழித்திருந்தேன் என்று ஆரம்பித்திருக்கிறாள், பாதியில் அவளுக்கே நினைவு வந்து உட்கார்ந்துவிட்டாளாம். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விளையாட்டுப் பொய்தானே, இதற்கு இவ்வளவா என்று சிலர் கேட்பார்கள். அந்த நண்பரும் அதைத்தான் கேட்டார். குழந்தை அன்றைக்கு ஆசைப்பட்டது கேக்குக்கோ கூச்சலுக்கோ இல்லை, பெரியவர்கள் மட்டும் பார்க்கிற ஒன்றைத் தானும் பார்த்துவிட வேண்டும் என்பதற்கு. அதற்கு நாம் கொடுப்பது செல்லாத காசு, அதையும் அது ஊருக்கு எடுத்துக்கொண்டு போய் நீட்டும். எனக்கு எரிச்சல் வருவதற்குப் பெரிய காரணம் வேறு: இந்தப் பொய்யே தேவையில்லை. சீக்கிரம் கொண்டாட வேண்டுமா, தாராளமாகக் கொண்டாடுங்கள். டிசம்பர் 31 அன்று நீங்கள் எந்த நேரத்தைச் சொன்னாலும், அதை ஒட்டிப் பூமியில் எங்கேயோ நிஜமாகவே பன்னிரண்டு அடிக்கப் போகிறது அல்லது அடித்து முடித்திருக்கிறது.

எல்லோருக்கும் முன்னால் புத்தாண்டுக்குள் போவது பசிபிக் கடலில் இருக்கும் கிரிபாட்டி நாட்டின் லைன் தீவுகள். (எழுத்தில் கிரிபாட்டி, அங்கே உள்ளவர்கள் சொல்வது கிரிபாஸ். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.) உலக மணிக்கணக்குக்கு அடிப்படையான லண்டன் கிரீன்விச் நேரத்தைவிட 14 மணி நேரம் முன்னால் இருப்பதால், கிரீன்விச்சில் டிசம்பர் 31 காலை 10 மணியாக இருக்கும்போதே அங்கே நள்ளிரவு. அதே கிரீன்விச் கணக்கில் 11 மணிக்கு நியூசிலாந்து, மதியம் 1 மணிக்கு சிட்னி, 3 மணிக்கு டோக்கியோ என்று அது மேற்கே நகர்ந்துகொண்டே போகும். மனிதர்கள் வசிக்கும் இடங்களில் கடைசியாக வருவது அமெரிக்க சமோவா பக்கம், அப்போது கிரீன்விச்சில் ஜனவரி 1 காலை 11 மணி ஆகியிருக்கும். ஆளே இல்லாத பேக்கர், ஹவ்லண்ட் தீவுகளையும் சேர்த்தால், முதல் நள்ளிரவுக்கும் கடைசி நள்ளிரவுக்கும் நடுவே 26 மணி நேரம் இருக்கிறது. ஒரே ஒரு பன்னிரண்டைத்தான் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

கணக்கு சுலபம். ராத்திரி 8 மணிக்குக் கொண்டாட ஆசையா, உங்களைவிட 4 மணி நேரம் முன்னால் ஓடுகிற ஓர் ஊரைப் பிடியுங்கள். 7 மணிக்கென்றால் 5 மணி நேரம். ஊரைக் குழந்தையே உலக வரைபடத்தில் தேடட்டும். நாங்கள் ஒரு பந்தையும் டார்ச்சையும் வைத்து இதைக் காட்டுவோம்: பந்தில் எங்கள் ஊருக்கு ஒரு ஸ்டிக்கர், அந்த வருடத்து ஊருக்கு ஒரு ஸ்டிக்கர், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை ஒரு பக்கத்தில் பிடித்துப் பந்தை மெதுவாகச் சுற்றினால், இருட்டின் நட்ட நடுவுக்கு எது முதலில் போகிறது என்று மூன்று வயசுக்கே புரிந்துவிடுகிறது. கொடி வரைந்து ஒட்டுவது, அந்த ஊர் மொழியில் வாழ்த்து ஒன்றைப் படிப்பது என்று அதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். கிரிபாட்டி கொடியில் கடலிலிருந்து சூரியன் எழும், மேலே ஒரு பறவை பறக்கும். சின்னவன் அதை வரைந்து மூன்று வருடம் கதவில் ஒட்டி வைத்திருந்தான்.

இதிலும் ஒரு குழி உண்டு, விழுந்தவள் சொல்கிறேன். தென்பாதி உலகத்தில் டிசம்பர் என்பது கோடைக்காலம். சிட்னி, நியூசிலாந்து போன்ற இடங்களில் அப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்திருப்பார்கள். நான் பழைய வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஒன்பது குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து, பத்திலிருந்து எண்ணச் சொல்லி டிவியைப் போட்டால், சிட்னித் துறைமுகத்தில் எல்லாம் முடிந்து ஆட்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே அன்றைக்குக் காலையிலேயே அந்த ஊர் மணி இப்போது என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முன்னால் யாருமே இல்லையே என்கிற அளவுக்குக் கிழக்கே இருக்கிறீர்களா, அப்போது பின்னால் வருபவர்களைப் பிடியுங்கள். ராத்திரி நன்றாகத் தூங்கவிட்டு, ஜனவரி 1 காலை, முகம் கழுவிய குழந்தையோடு இன்னொரு ஊரின் நள்ளிரவை எண்ணலாம். கிழக்கே இல்லாதவர்களுக்கும் சொல்கிறேன், இதுதான் எல்லாவற்றிலும் நிம்மதியான வழி, ஏனோ யாரும் செய்வதில்லை.

கூடவே ஒரு கதையும் கிடைக்கும். சமோவா நாடு (மேலே சொன்ன அமெரிக்க சமோவா இல்லை, அதன் பக்கத்து நாடு) 2011-இல், பசிபிக் கடலில் நாள் மாறும் எல்லையாக வைத்திருக்கிற தேதிக் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறிக்கொண்டது. அதற்காக டிசம்பர் 30 என்ற ஒரு வெள்ளிக்கிழமையையே விட்டுவிட்டார்கள். வியாழன் ராத்திரி படுத்தவர்கள் எழுந்தது சனிக்கிழமை. இதைச் சொன்னபோது மூத்தவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அன்னிக்குப் பிறந்தநாள் இருந்தவங்க என்ன பண்ணியிருப்பாங்க?" என்றாள். கடிகாரத்தின் மேல் அவளுக்கு இருந்த கோபம் அன்றைக்குத்தான் கொஞ்சம் குறைந்தது என்று நினைக்கிறேன்.

## தூங்கிவிட்ட குழந்தையை எழுப்புவது

எழுப்பச் சொல்லியிருந்தால் ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

## ஒரே ராத்திரியில் பதினோரு நிகழ்ச்சி

நான் ஒரு வருடம் தாளில் நேரம் போட்டு எழுதி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன்: 5 மணிக்குக் கைவினை, 5.40-க்குப் புதையல் வேட்டை, 6.15-க்கு நாடகம், இப்படியே போகும். ஆறு மணிக்கெல்லாம் குழந்தைகளைக் காணோம். தேடிப் போனால், வந்தவர்கள் கழற்றிப் போட்ட குளிர்க் கோட்டுகள் படுக்கை மேல் மலையாகக் குவிந்திருக்க, அதற்குள் குகை தோண்டி உள்ளே நாலு பேர் படுத்திருந்தார்கள். நான் அவர்களை இழுத்து வந்து நாடகம் போட வைத்தேன். இன்றைக்கு அவர்களுக்கு நினைவிருப்பது குகைதான், நாடகத்தைப் பற்றிக் கேட்டால் எந்த நாடகம் என்கிறார்கள். இரண்டு விஷயம் போதும், நடுவில் ஒரு காலி மணி நேரத்தை விட்டுவிடுங்கள்.

## மினுக்குகிற பொருள்களை நம்புவது

ஒளிரும் குல்லா, புது வருட எண் போட்ட மினுக்குக் கண்ணாடி, தீ இல்லாத மெழுகுவத்தி. தீ இல்லை, சூடு இல்லை, பாதுகாப்பானது என்று கையில் கொடுத்துவிடுகிறோம். உள்ளே இருப்பது பொத்தான் பேட்டரி. அதை ஒரு குழந்தை விழுங்கித் தொண்டைக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உள்சதையை வெந்துபோகச் செய்துவிடும். பேட்டரி தீர்ந்துபோனதாக இருந்தாலும் ஆபத்து இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கண்ணாடி ஒன்று சோபாவுக்கு அடியில் மூடி திறந்து கிடந்தது. மூன்று குழி, இரண்டே பேட்டரி. பக்கத்தில் ஒன்றரை வயசு உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தோம், ரொட்டிதான். இருந்தாலும் மூன்றாவது எங்கே? நாற்பது நிமிடம் ஆளாளுக்குத் தரையில் தவழ்ந்து தேடினோம். கடைசியில் மருத்துவமனைக்குக் கிளம்பி, காலணி போடும்போது அந்தக் குழந்தையின் அப்பாவுடைய காலணிக்குள்ளிருந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். யோசித்துப் பார்த்தால் அந்த நாற்பது நிமிடம்தான் அன்றைய பெரிய தவறு. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் தேடிக்கொண்டிருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். வாங்கும்போதே மூடியில் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்க முடிகிறது என்றால் அதை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உடைந்த பலூன் துண்டுகளும் இதே ரகம். வெடித்ததும் பொறுக்கிவிடுங்கள்.

## கம்பி மத்தாப்பு சின்னதுதானே என்பது

அது 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிகிறது. எரியும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். அணைந்ததும் கம்பியைத் தரையில் போடுகிறோம், இருட்டில் அடுத்த குழந்தை அதை மிதிக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் முதலில், மத்தாப்பு அப்புறம்.

பெரிய வாணவேடிக்கைக்குப் போனால் காதுக்கும் ஏதாவது எடுத்துப் போங்கள். பெரியவர்கள் காதுக்கு உச்சமாக 140 டெசிபல் என்றால் குழந்தைகளுக்கு 120-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, பக்கத்தில் வெடிக்கும் வெடி அதைச் சுலபமாகத் தாண்டும். காதை மூடும் ஹெட்போன் மாதிரியான காதுக் கவசம் ஒன்று இருந்தால் போதும். இல்லையென்றால் தள்ளி நில்லுங்கள், தூரத்திலிருந்தும் அழகாகத்தான் இருக்கிறது.

## ஒரே ஒரு தடிமனான கோட்டு

குளிர் என்றதும் இருப்பதிலேயே பெரிய கோட்டை மாட்டிப் பிள்ளையைப் பொட்டலம் மாதிரி வெளியே அனுப்புகிற பழக்கம் எனக்கும் இருந்தது. சின்னவனுக்கு ஆறு வயது, பனி மூடிய ஒரு சரிவுக்குப் போயிருந்தோம். உள்ளே பருத்திச் சட்டை, மேலே அந்தக் கோட்டு. அரை மணி நேரம் மேலே ஏறுவதும் சறுக்குவதுமாக ஓடியதில் முகம் சிவந்து, வியர்த்து, கோட்டைத் திறந்து போட்டுவிட்டான். நானும் பரவாயில்லை என்று விட்டேன். பத்து நிமிடத்தில் உதடு நடுங்க வந்து நிற்கிறான், சட்டையைத் தொட்டால் பிழிய வரும் போல ஈரம். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். குழந்தைகளுக்கு உடல் எடைக்கு மேல்தோல் பரப்பு அதிகம், நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து மூன்று அடுக்கு. தோலை ஒட்டி வியர்வையை வெளியே விடுகிற கம்பளியோ செயற்கை இழையோ, அதன் மேல் கதகதப்புக்கு ஒன்று, காற்றும் ஈரமும் புகாமல் இருக்க மேலே ஒன்று. ஓடும்போது ஒன்றைக் கழற்றலாம், நின்றால் போட்டுக்கொள்ளலாம். கையைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். கழுத்துக்குப் பின்னால், பிடரியில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம், சில்லென்று இருந்தால் ஒன்று குறைவு. மாற்றுக் கையுறை ஒரு ஜோடி, மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி, இது இல்லாமல் நான் எங்கேயும் கிளம்புவதில்லை.

அதே கோட்டோடு குழந்தையைக் கார் இருக்கையில் வைத்து பெல்ட் போடாதீர்கள். மோதும் வேகத்தில் கோட்டின் பஞ்சு நசுங்கும், பெல்ட் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, கோட்டை முன்பக்கமாகப் போர்த்திவிடுங்கள். சண்டை போடும். போடட்டும்.

விரல் நுனியோ மூக்கோ காதோ வெளிறி மரத்துப்போனால் தேய்க்க வேண்டாம், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். ஹீட்டர் முன்னாலும் நீட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. மறுபடி உறைகிற வாய்ப்பு இல்லாத இடத்துக்கு வந்தபின், 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் தண்ணீரில், அதாவது உங்கள் முழங்கைக்கு இதமாக இருக்கிற தண்ணீரில் முக்கி வையுங்கள். உணர்வு திரும்பவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

## சறுக்குகிற சரிவை மேலிருந்து மட்டும் பார்ப்பது

மேலே நின்று பார்த்தால் எல்லாச் சரிவும் அழகுதான். கீழே போய்ப் பாருங்கள்: சாலை இருக்கிறதா, மரமா, வேலியா, பனி மூடிய குளமா? நின்று முடிக்க நீளமான சமதரை இல்லையென்றால் வேறு சரிவைத் தேடுங்கள். உட்கார்ந்து, கால் முன்னால், தலையில் ஹெல்மெட். தலை முன்னால் போகப் படுத்துச் சறுக்குவதைக் குழந்தைக்குக் கற்றுக் கொடுப்பது பெரும்பாலும் அப்பாக்கள்தான். உறைந்த குளம் என்றால் தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். வெள்ளையாக, பாலேறினாற்போல் இருப்பது அதில் பாதி பலம்தான். அளந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத குளத்தில் கால் வைக்க வேண்டாம்.

## கொதிநீரைக் காற்றில் வீசி வீடியோ எடுப்பது

வீசிய நீர் கடுங்குளிரில் பனிப்புகையாக மாறுவதைப் படம் பிடிக்கத்தான் இது, ஆனால் காற்று உங்கள் பக்கம் திரும்பும். சோப்புக் குமிழியை உறைய வைத்துப் பாருங்கள், அதுவும் அழகுதான்.

## கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது

வெளியே குளிர் தாங்கவில்லை, நெருப்பு தணல்தானே, புகையும் இல்லை என்று அடுப்பைக் கூடத்துக்கோ கூடாரத்துக்கோ கார் நிறுத்தும் கொட்டகைக்கோ நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். புகை இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். நிறம் இல்லை, வாடை இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று சளிக்காய்ச்சல் மாதிரி தொடங்கும், புத்தாண்டு ராத்திரி இதெல்லாம் யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிடுவோம். ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்பது பதில் ஆகாது. அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும், நீங்கள் உள்ளே வாருங்கள்.

## சீக்கிரம் இருட்டிவிட்டது என்று கதவைச் சாத்துவது

குளிர்காலத்தை எல்லோரும் குறை சொல்வது இதற்குத்தான், எனக்கோ அதில் பிடித்ததே இதுதான். கோடையில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் குழந்தை தூங்கும் நேரம் தாண்டிவிடும். இப்போது சாப்பாட்டுக்கு முன்னாலேயே வானம் தயார்.

டிசம்பர் கடைசியில் ராத்திரி எட்டு மணி வாக்கில் கிழக்கே பாருங்கள். ஒரே கோட்டில் நெருக்கமாக மூன்று நட்சத்திரம் தெரியும், ஓரியன் என்ற வேடன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதை அடையாளம் காண ஐந்து வயதுக்கு ஒரு நிமிடம் போதும். அந்தக் கோட்டை ஒரு பக்கம் நீட்டினால் சிவந்த ரோகிணி, இன்னும் போனால் கொத்தாகக் கார்த்திகை. கார்த்திகையில் எத்தனை எண்ண முடிகிறது என்று போட்டி வையுங்கள், பிள்ளைகள் நம்மைவிட அதிகம் சொல்வார்கள், நம்ப வேண்டியதுதான். மறுபக்கம் நீட்டினால் சிரியஸ், இரவு வானத்து நட்சத்திரங்களிலேயே பிரகாசமானது. எட்டு மணிக்குத் தாழ்வாக, மினுமினுத்துக்கொண்டு இருக்கும். புத்தாண்டு நள்ளிரவுக்கு ஏறத்தாழ அதே நேரத்தில் அது தன் பாதையின் உச்சிக்கு வருகிறது, எந்த ஊரில் நின்று பார்த்தாலும் அந்த ஊர் நள்ளிரவு வாக்கில் அப்படித்தான். பன்னிரண்டு வரைக்கும் முழித்திருக்கிற பெரிய பிள்ளைகளுக்கு நான் இப்போது கடிகாரத்தைக் காட்டுவதில்லை, வெளியே அழைத்துப் போய் இதைக் காட்டுகிறேன்.

ஜனவரி 3, 4 வாக்கில் குவாட்ரான்டிட் எரிகற்கள் வரும், வடபாதியில் இருப்பவர்களுக்கு. உச்சம் சில மணி நேரம்தான், பார்க்க நல்ல நேரம் விடிகாலை, அதனால் சின்னக் குழந்தைகளை இழுக்காதீர்கள். அதே நாட்களில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. பக்கத்தில் வந்தும் ஏன் குளிர்கிறது என்று சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள், பெரியவர்கள்தான் முதலில் திணறுவார்கள். மறுபடி அந்தப் பந்தும் டார்ச்சும் வேண்டியிருக்கும், இந்த முறை பந்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

பகலில் பனியில் விளையாடினால் வெயில் குறைவுதானே என்று கண்ணாடியை விட்டுப் போகாதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண்ணும் மூக்கின் அடிப்பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

## குழந்தைக்காக நாம் தீர்மானம் எழுதுவது

வேண்டாம்.

## மறுநாள் காலை

எல்லோரும் போனபின் மணி இரண்டு ஆகும், விளக்கை அணைத்துவிட்டுப் படுப்போம், மற்றது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்போம். ஆனால் காலை ஆறுக்கு முதலில் எழுவது குழந்தை. மேசையில், ஜன்னல் விளிம்பில், தரையில் சோபா ஓரத்தில், பெரியவர்கள் மிச்சம் வைத்த கோப்பைகள் அதன் உயரத்துக்குச் சரியாக இருக்கும். பழச்சாறு மாதிரி இனிப்பாக இருக்கும் மதுவை அது ஒரே மூச்சில் குடிக்கும். சின்ன உடம்பில் கொஞ்சம் மது போனாலும் ரத்தத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கொட்டிக் கிடக்கும் கடலைகளும் அப்படித்தான், நாலு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மூச்சுக்குழாயில் சிக்கும்.

பாத்திரம் கழுவ வேண்டாம், வீட்டைக் கூட்ட வேண்டாம். கோப்பைகளில் இருப்பதை மட்டும் தொட்டியில் கொட்டிவிட்டு, கடலைத் தட்டை மேலே எடுத்து வைத்துவிட்டு, சோபாவுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் படுங்கள். ஐந்து நிமிட வேலை.